யூனிக்லோ அதிபரைப் பார்த்து வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் 11 வருடமாக ரெடிமேட் கடை நடத்துகிறேன். வீட்டுச் செலவு போக மாதம் 35,000 ரூபாய் மிஞ்சும். ஜப்பானின் துணிக்கடை நிறுவனமான யூனிக்லோவின் நிறுவனர் தடாஷி யனாய் பத்தில் ஒன்பது முறை தோற்றும் ஜப்பானின் பெரும் பணக்காரர் ஆனார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வீட்டை அடமானம் வைத்து 40 லட்சம் வாங்கி, ஒரே நேரத்தில் இரண்டு கிளை திறக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு கிளை என்றால் பேசலாம்.

‘ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி’ என்று யனாயே தன் புத்தகத்துக்குப் பெயர் வைத்தவர்தான். ஆனால் தோற்ற நேரத்தில் கல்லாவில் என்ன இருந்தது என்பதை வீடியோக்காரர்கள் சொல்வதில்லை.

வசேடா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, ஜஸ்கோ சூப்பர் மார்க்கெட் வேலையில் ஒரு வருடம்கூட ஒட்டாமல், 1972-ல் அப்பாவின் ஆண்கள் உடைக் கடைக்கு வந்தவர் அவர். யமகுச்சி மாகாணத்தில் உபே என்ற சிறிய ஊர். இவருடைய கெடுபிடி தாங்காமல் பழைய ஆட்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் விலக, கொள்முதல் முதல் கணக்கு வரை இவர் தலையில் விழுந்தது. ஹிரோஷிமாவில் முதல் யூனிக்லோ திறந்தது 1984-ல். இடையில் 12 வருடம்! அதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

1994-ல் ஹிரோஷிமா பங்குச் சந்தையில் பட்டியலிட்டுப் பணம் திரட்டினார். பங்குப் பணத்துக்கு மாதத் தவணை கிடையாது. உங்களுக்கும் எனக்கும் அந்த வசதி இல்லை.

1998-ல் டோக்கியோ ஹராஜுகு கடையில் 1,900 யென் ஃப்ளீஸ் ஜாக்கெட் பிய்த்துக்கொண்டு போனது. 2000-ஆம் ஆண்டு சீசனில் 2.6 கோடி ஜாக்கெட் விற்றது. அந்தக் காசு கையில் புரண்டபோதுதான் 2001-ல் லண்டனில் கால்வைத்தார். பிரிட்டனில் 21 கடை வரை போய், ஓடவில்லை என்று தெரிந்ததும் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மூடினார். 2002-ல் தொடங்கிய காய்கறி வியாபாரத்துக்கு 2004-லேயே ஷட்டர். இரண்டிலும் நல்ல அடி. ஜப்பானில் இருந்த கடைகள் அதைத் தாங்கின.

உங்கள் கணக்குக்கு வருவோம். 40 லட்சம், 10% வட்டி, 10 வருடம் என்றால் தவணை மாதம் சுமார் 53,000 ரூபாய். புதுக் கடைகள் படுத்தால் பழைய கடையின் 35,000 அதற்குப் போதாது. ஆறே மாதத்தில் மூடினாலும் கடன் மூடாது, வீடு வங்கியிடம்தான் இருக்கும். 15 லட்சத்தில் ஒரு கிளை என்றால் தவணை 20,000-க்குள் அடங்கும். கிளையில் ஒரு பைசா வராவிட்டாலும் பழைய கடையே கட்டிவிடும். அந்த 15 லட்சத்திலும் பாதிக்கு மேல் சரக்கில் முடக்காதீர்கள். தீபாவளிக்கு விற்காத சுடிதார் பொங்கலுக்குப் பாதி விலை.

இரண்டு தீபாவளி பாருங்கள். அதற்குள் கிளை தன் வாடகையையும் சம்பளத்தையும் தானே சம்பாதிக்காவிட்டால் மூடிவிடுங்கள். இந்தத் தேதியை இப்போதே வீட்டில் சொல்லி எழுதி வையுங்கள், நஷ்டம் வந்த பிறகு யாருக்கும் மனசு வராது. கட்டட உரிமையாளரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன், நடுவில் காலி செய்தால் எத்தனை மாத வாடகை பிடிப்பார் என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள்.