அமெரிக்காவிலிருந்து வந்த விவாகரத்துப் பத்திரம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. இந்து முறைப்படி இந்தியாவில் திருமணம் நடந்தது. பிறகு ஒரு வருடம் கணவருடன் அமெரிக்காவில் இருந்தேன். மூன்று வருடங்களுக்கு முன் டிக்கெட் போட்டு என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பினார். அதன் பிறகு கூப்பிடவே இல்லை. இப்போது மெயிலில் ஒரு பத்திரம் வந்திருக்கிறது. "கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பு, இங்கேயே முடித்துக்கொள்கிறேன்" என்கிறார். என் அண்ணனோ, "நாமே கேஸ் போடுவோம், உன் மாமனார் வீட்டு முகவரியைக் கொடுத்தால் போதும். அவன் வரமாட்டான், எக்ஸ்பார்ட்டியில் (எதிராளி வராமலேயே தரும் தீர்ப்பில்) சீக்கிரம் முடிந்துவிடும்" என்கிறான். எங்கே கேஸ் போட வேண்டும்? அவர் வராமல் விவாகரத்து கிடைக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, கணவர் சொல்வதையும் செய்ய வேண்டாம், அண்ணன் சொல்வதையும் செய்ய வேண்டாம்.

கேஸ் போடுவதில் சிக்கலே இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 19-வது பிரிவில் 2003-ல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அதன்படி மனைவி மனு போட்டால், அவர் இப்போது குடியிருக்கும் ஊரின் குடும்ப நல நீதிமன்றத்திலேயே போடலாம். கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது அமெரிக்காவில் என்பது இதற்குத் தடையில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் கைவிட்டதும் கொடுமையும் 13-வது பிரிவில் உள்ள காரணங்கள். உங்கள் விஷயத்தில் முதலாவது பொருந்தும் என்றே தோன்றுகிறது.

சிக்கல் சம்மனில்தான் இருக்கிறது. அண்ணன் சறுக்குவதும் அங்கேதான். கணவர் அமெரிக்காவில் இருப்பது தெரிந்தே மாமனார் வீட்டு முகவரியைக் கொடுத்து எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்கினால், "எனக்குச் சம்மனே வரவில்லை" என்று அவர் எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்பார். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை (அவரிடம் சேர்ப்பிக்கப்படவில்லை) என்று நிரூபித்தால் அந்தத் தீர்ப்பு ரத்தாகும். நீங்கள் அதற்குள் மறுமணம் செய்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பொய் முகவரி கொடுத்த பழியும் உங்கள் மேல்தான் விழும்.

ஆகவே சரியான முகவரியைத் தேடுங்கள். பழைய டிபெண்டென்ட் விசா தாள்கள், அங்கே வாங்கிய இன்சூரன்ஸ் கார்டு, வாடகை ஒப்பந்தம், அவர் அனுப்பிய பார்சலின் மேலட்டை என்று எதையும் தூக்கிப்போடாதீர்கள். அவர் வீடு மாறியிருந்தால் வேலை பார்க்கும் இடத்தின் முகவரியையும் மின்னஞ்சலையும் சேர்த்துக் கொடுக்கலாம். வெளிநாட்டில் நீதிமன்ற ஆவணங்களைச் சேர்ப்பிப்பதற்கென 1965-ல் உருவான ஹேக் உடன்படிக்கையில் அமெரிக்காவும் இருக்கிறது, இந்தியாவும் இருக்கிறது. சம்மனும் மனு நகலும் அதற்குரிய படிவத்தோடு அந்த வழியில் போகும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் முதல் வாய்தாவையே தள்ளி வைக்கச் சொல்லி உங்கள் வக்கீல் கேட்க வேண்டும். சம்மன் போய்ச் சேருமுன்பே வாய்தா தேதி கடந்துவிட்டால், புதுத் தேதி போட்டு மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். வெளிநாட்டு வழக்குகள் இழுப்பதற்கு எதிராளியின் பிடிவாதத்தைவிட இதுதான் பெரும்பாலும் காரணம். கூடவே மின்னஞ்சலிலும் கூரியரிலும் அனுப்ப அனுமதி கேட்டுவையுங்கள். முறையாகச் சார்வான பிறகும் அவர் வராவிட்டால், அப்போது வரும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை அசைப்பது கடினம்.

அடுத்து அந்தப் பத்திரம். அமெரிக்க மாநிலங்களில் "இனிச் சேர்ந்து வாழ முடியாது" என்ற ஒரே காரணத்துக்காக விவாகரத்து தருவார்கள். நம் இந்து திருமணச் சட்டத்தில் அப்படியொரு காரணம் இல்லை. மிசௌரி மாநில நீதிமன்றத்தில் ஒரு கணவர் இப்படி வாங்கிவந்த தீர்ப்பை 1991-ல் நம் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஆனால் அதே தீர்ப்பில் விதிவிலக்குகளும் உண்டு. மனைவி சம்மதித்திருந்தால் வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கேயும் செல்லும். உங்கள் கணவருக்குத் தேவைப்படுவது அந்தச் சம்மதம்தான். கையெழுத்துப் போட்டுவிட்டால் ஜீவனாம்சம், நகை, சீர் பற்றிப் பேச உங்கள் கையில் பிறகு அதிகம் மிஞ்சாது. பத்திரத்தில் எதையெல்லாம் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கிறார்களோ, அதுவும் தெரியாது.

"பத்திரம் கிடைத்தது, வக்கீலிடம் காட்டிவிட்டுப் பதில் சொல்கிறேன்" என்று மட்டும் எழுதுங்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். அங்குள்ள நீதிமன்றத்திலிருந்தே நோட்டீஸ் வந்தால் பேசாமல் இருந்துவிடக் கூடாது. பதில் சொல்லச் சில வாரங்கள்தான் தருவார்கள். அங்குள்ள வக்கீல் ஒருவர் மூலம், அந்த நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்க அதிகாரம் இல்லை என்ற ஆட்சேபத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். வழக்கின் உள்விவரத்துக்குள் இறங்கி வாதாடினால், அந்த நீதிமன்றத்தை நீங்களே ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

அவருக்கும் விவாகரத்து வேண்டும் என்பது உங்களுக்குச் சாதகம். 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு போட அவரை அழையுங்கள். ஒரு வருடம் பிரிந்திருந்தால் போதும். மனு போட்ட பிறகு, இரண்டாவது முறை நீதிபதி முன் சம்மதம் சொல்வதற்கான ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றமே தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடியோ கான்ஃபரன்சிங் மூலமும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோர் மூலமும் நடத்த அனுமதிக்கலாம் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆகவே "லீவு கிடைக்காது" என்ற சாக்கு எடுபடாது. உறவினர் மூலம் நடத்துவதானால், தனக்காகச் செயல்பட அவர்களுக்கு அவர் தரும் பவர் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ, நோட்டரி முன்னிலையில் கையெழுத்தாகி அப்போஸ்டில் முத்திரையுடனோ (ஆவணம் உண்மையானது என்று அந்நாட்டு அரசு தரும் சான்று) வர வேண்டும். இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இது பலருக்கு மறந்துபோகிறது.

பணம் பற்றி என் கருத்து ஒன்று. பேசிய தொகை முழுவதும் இரண்டாவது முறை நீதிபதி முன் சம்மதம் சொல்வதற்கு முன்பே, வங்கி வழியாகக் கைக்கு வந்துவிட வேண்டும். தீர்ப்பு ஆகும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. தீர்ப்பு வந்த பிறகு அமெரிக்காவில் இருப்பவரிடம் வசூல் செய்வது லேசான காரியமில்லை.

அவர் சம்மதிக்காவிட்டால் மேலே சொன்னபடி நீங்கள் மனு போடுங்கள். கூடவே 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். இங்கே அவர் பெயரில் சொத்து இருந்தால் அதன் விவரத்தையும் வக்கீலிடம் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்க வேண்டாம், அந்தப் போனையும் மாற்ற வேண்டாம். அவற்றைச் சாட்சியமாகக் கொடுக்க 2023-ன் புதிய சாட்சியச் சட்டம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாடுவாழ் இந்தியர் திருமணப் பிரச்சினைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அங்கேயும் புகார் அளிக்கலாம்.

அண்ணன் இப்போதே வரன் பார்க்கத் தொடங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பார்க்கட்டும், தேதி மட்டும் குறிக்க வேண்டாம். தீர்ப்புக்குப் பிறகு மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் உண்டு. அது முடிந்து, மேல்முறையீடு எதுவும் இல்லை என்பதை வக்கீல் உறுதி செய்த பிறகு மண்டபம் பார்க்கலாம்.