தோஸ் அடிச்சா துடைப்பத்தைத் தொடாதீங்க

தம்பி, மூணு கேள்வி கேட்டிருக்கீங்க. குடும்பத்தோட குவைத் வந்து பத்து நாள், நேத்து அடிச்ச புழுதிக்காத்துல (இங்க அதுக்கு "தோஸ்"னு பேரு) வீடெல்லாம் மண்ணு, பையன் இருமுறான், எந்த ஏர் பியூரிஃபையர் வாங்கலாம்னு ஒண்ணு. எந்த ஸ்கூல், வீடு சால்மியா ஏரியாவுலயா மங்காஃப்லயான்னு மத்த ரெண்டு. அந்த ரெண்டையும் உங்க ஆபீஸ்ல கேளுங்க, பத்துப் பேர் பதினோரு விதமா சொல்வாங்க. புழுதியை மட்டும் நான் சொல்றேன், அதுல நல்லாப் பட்டவன்.

2011 மார்ச் 25, வெள்ளிக்கிழமை. நான் வந்து மூணாவது வாரம். அப்பாசியாவுல ஒரு ரூமுக்கு ஆறு பேர். சாயங்காலம் வானத்துல செம்மண் சுவர் மாதிரி ஒண்ணு எழும்பி வருது. ராமநாதபுரத்துக்காரன் கண்ணுக்கு அது மழைதான்! காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்துல பகல் ராத்திரி ஆயிடுச்சு. பாதித் துணியை விட்டுட்டுத் தடவித் தடவித்தான் இறங்கினேன்.

அப்புறம் செஞ்சதுதான் பெரிய முட்டாள்தனம். உள்ள இருக்கற புழுதி வெளிய போகட்டும்னு பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். அது ரூம் காத்தை வெளிய தள்ளத் தள்ள, அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாத்துலயும் மண்ணை உள்ள இழுத்துச்சு. காலையில துடைப்பத்தால பெருக்க ஆரம்பிச்சேன். கூட இருந்த சேட்டன் துடைப்பத்தைப் பிடுங்கி எறிஞ்சிட்டு வாளியையும் ஈரத்துணியையும் கையில கொடுத்தாரு. பெருக்கினா மண்ணு மட்டும்தான் முறத்துக்கு வரும். இருமல் வரவைக்கிற மெல்லிய தூசி எழும்பி மணிக்கணக்கா காத்துல நிக்கும்.

அதனால ஈரத்துணி. மேலருந்து கீழ துடைச்சுட்டு வாங்க, தண்ணியை அடிக்கடி மாத்துங்க. சாதாரண வேக்குவம் வேணாம், முன்னால இழுத்ததைப் பின்னால ஊதும். வெளிய தெளிஞ்ச மாதிரி தெரிஞ்சதும் ஜன்னலைத் திறக்காதீங்க, மெல்லிய தூசி ஒரு நாள் ரெண்டு நாள்கூட நிக்கும். ஸ்பிளிட் ஏசி ரூம் காத்தைத்தான் சுத்தவிடுது, பயமில்லாம போடலாம். ஃபில்டரை மட்டும் கழட்டி, கழுவி, காயவச்சு மாட்டுங்க. ஜன்னல் ஏசின்னா வெளிக்காத்து மூடியைச் சாத்திடுங்க. சென்ட்ரல் ஏசின்னா ஃபில்டர் ஹாரிஸ் கையில, அதான் பில்டிங் வாட்ச்மேன். என் பழைய பில்டிங் ஹாரிஸ் நாலு வருஷமா "புக்ரா, புக்ரா"ன்னார், அரபியில நாளைக்குன்னு அர்த்தம். அந்த நாளைக்கு வரவே இல்ல.

பியூரிஃபையர் வாங்கினா மெல்லிய தூசியையும் பிடிக்கிற ஹெப்பா (HEPA) ஃபில்டர் உள்ளதா, ரூம் அளவுக்கு ஏத்ததா வாங்கி, பையன் தூங்கற ரூம்ல கதவைச் சாத்தி ஓடவிடுங்க. ஓசோன் விடறதைத் தொடாதீங்க, அது நுரையீரலுக்கே கெடுதல். நம்ம ஆளுங்க சிலர் ஹால்ல பெரிய மெஷினா நிறுத்தி விருந்தாளிக்குக் காட்டுவாங்க, பக்கத்துலயே பால்கனிக் கதவு ஒரு விரல் திறந்திருக்கும். இன்னும் சிலர் வீடு சுத்தமாகட்டும்னு சாம்பிராணி போடுவாங்க. தூசிக்கு மேல புகை! அதுவும் மூடின ரூம்ல கரித்தணல் உயிருக்கே ஆபத்து.

பையனுக்கு இழுப்போ மூச்சுத் திணறலோ இருந்தா இதெல்லாம் படிச்சிட்டிருக்காம கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க.

எங்க வீட்டுல தோஸ் அன்னிக்கு மீன் வறுவல் கிடையாது. எக்ஸாஸ்ட் போட முடியாது, போடாம வறுத்தா வீடே புகை. தயிர்சாதமும் ஊறுகாயும்தான். முதல்ல முணுமுணுத்த பிள்ளைங்க இப்ப வானம் மஞ்சளானாலே "இன்னிக்குத் தயிர்சாதமா?"ன்னு கேக்குதுங்க.

அன்னிக்கு மாடியில விட்டுட்டு வந்ததுல அம்மா கொடுத்தனுப்பின வெள்ளை வேட்டி ஒண்ணு. கொடியில சிக்கிக் கிடந்துச்சு. எத்தனை தடவை துவைச்சும் அந்தக் காவி போகல. இப்ப தோஸ் வந்தா பால்கனிக் கதவுக்குக் கீழ நனைச்சுச் சுருட்டி வைக்கிறது அதைத்தான்.