என்.கே. செல் 4 சதவீதமா? பயப்படாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. பள்ளிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து மாதாமாதம் சளி, காய்ச்சல். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் சொன்னாரே என்று 'இம்யூனிட்டி பேக்கேஜ்' எடுத்தோம். வைரஸைக் கொல்லும் என்.கே. செல் ('நேச்சுரல் கில்லர்' என்ற ரத்த வெள்ளையணு) 4 சதவீதம்தானாம். அதை ஏற்றச் சொட்டு மருந்து தருகிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பள்ளிக்குப் புதிதாகப் போகும் குழந்தைக்கு வருடத்தில் ஏழெட்டு முறை சளி பிடிப்பது சகஜம்.

என்.கே. செல் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். நம் செல்கள், உள்ளே தயாராகும் புரதங்களின் துண்டுகளை எச்.எல்.ஏ. என்ற தாங்கியில் ஏந்தி வெளியே காட்டும், அரிசி மண்டி வாசலில் தட்டில் மாதிரி வைப்பதுபோல. வைரஸ் புகுந்தால் அதன் துண்டும் தட்டுக்கு வரும். டி செல் என்ற இன்னொரு வெள்ளையணு பார்த்துவிடும். அதனால் சில வைரஸ்கள் தட்டையே எடுத்து ஒளித்துவிடும். என்.கே. செல் கவனிப்பது அதைத்தான். தட்டு இருந்தால் பொதுவாகத் தொடாது. தட்டும் இல்லை, மேலே அபாயக் குறிகளும் முளைத்திருக்கின்றன என்றால் ஒட்டி நெருங்கும். இடையிலுள்ள நூலிழை இடைவெளியில் பெர்ஃபோரின் என்ற புரதத்தைக் கொட்டித் துளை போடும். அதன் வழியே கிரான்சைம் என்ற நொதி நுழைந்ததும் அந்தச் செல் தானே செத்துப்போகும். ஸ்வீடனில் கிளாஸ் காரே என்ற விஞ்ஞானியின் குழு 1986-இல் காட்டியது இந்தத் 'தட்டு இல்லாத' கணக்கைத்தான்.

சரி, உங்கள் 4? அது லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு வகையில் என்.கே. செல்லின் சதவீதம். சமீபத்தில் காய்ச்சல் வந்து மற்ற லிம்ஃபோசைட்கள் பெருகியிருந்தால், என்.கே. செல் குறையாமலே அதன் பங்கு குறையும். பதற்றம், ஓட்டம் இருந்தால் ஏறவும் ஏறும். எத்தனை இருக்கின்றன என்பதைத்தான் சொல்கிறது, கொல்கின்றனவா என்பதை அல்ல. கொல்லும் திறனை அளக்க உயிருள்ள செல் வேண்டும். ரத்தம் ஐஸ் பெட்டியில் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தால் அந்த அளவீட்டுக்கு மதிப்பில்லை. இதையெல்லாம் பேக்கேஜ் விற்பவர் ஏன் சொல்லப்போகிறார்? டாக்டர் சீட்டில்லாமல் யாரும் எதையும் பரிசோதிக்கலாம் என்று விட்டுவைத்திருக்கிறோம். ரிப்போர்ட்டில் சிவப்பெழுத்து வந்ததும் அதே ஆள் பாட்டிலோடு வந்து நிற்கிறார். பாட்டிலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதே என்பார்கள். அது உணவுப்பொருள் உரிமம். மருந்தாக வேலை செய்யும் என்பதற்குச் சான்றல்ல.

என்.கே. செல் உண்மையிலேயே இல்லாதவர்களும் உண்டு, மிக மிக அரிதாக. 1989-இல் அமெரிக்காவில் அப்படி ஒரு வளரிளம் பெண்ணைப் பற்றி எழுதினார்கள். அவளைப் படுத்தியது சளி இல்லை. சின்னம்மை, அக்கி போன்ற ஹெர்பீஸ் குடும்பத்து வைரஸ்கள், அதுவும் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு. ஆகவே சளியை எண்ணாதீர்கள், இதைப் பாருங்கள். சின்னம்மை வந்து நுரையீரல் வரை போனதா? ஹெர்பீஸ் வாய்ப்புண், அக்கி திரும்பத் திரும்பக் கடுமையாக வருகிறதா? உடம்பெங்கும் மரு பரவி அடங்காமல் இருக்கிறதா? நெருங்கிய உறவில் யாராவது குழந்தை சாதாரண வைரஸ் காய்ச்சலில் இறந்ததா? ஒன்று இருந்தாலும் குழந்தைகள் நல மருத்துவரிடம் இதே வரிசையில் சொல்லி, நோய் எதிர்ப்பு நிபுணருக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான மாவட்டங்களில் அப்படியொருவர் கிடையாது. பெரிய ஊருக்குத்தான் போகவேண்டும், அது வேறு வயிற்றெரிச்சல்.

எதுவுமே இல்லையென்றால், விட்டுப்போன தடுப்பூசி இருக்கிறதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.