கேள்வி நேரம்: எட்டு வாரம், ஒரு நிரூபணம்கூட இல்லை!

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். கோடை விடுமுறையில் ஒரு பேராசிரியரிடம் எட்டு வாரம் ஆராய்ச்சிப் பயிற்சிக்குப் போனேன். 'கிரேஸ்ஃபுல்' மரங்கள் பற்றிய கணக்கு. புதிதாக எதையும் நிரூபிக்கவில்லை. இப்போது அறிக்கை கேட்கிறார்கள். எட்டு வாரத்தையும் வீணடித்தேன் என்றா எழுதுவது?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: உங்களுக்குக் கொடுத்தது எப்பேர்ப்பட்ட கணக்கு என்று மற்ற வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கிறோம், எங்கேயும் வட்டமாக மூடிக்கொள்ளாமல், அதுதான் மரம். ஐந்து புள்ளி இருந்தால் 0 முதல் 4 வரை ஆளுக்கொரு எண் போட வேண்டும், கோடுகளின் இரு முனை வித்தியாசம் 1, 2, 3, 4 என ஒவ்வொன்றும் ஒரே தடவை வர வேண்டும், வந்தால் அந்த மரம் 'கிரேஸ்ஃபுல்'. வரிசையாக நிற்கும் ஐந்து புள்ளிக்கு 0, 4, 1, 3, 2 என்று போட்டுப் பாருங்கள், வந்துவிடும். எல்லா மரத்துக்கும் வருமா என்று 1960களிலிருந்து கேட்கிறார்கள், இன்னும் விடை இல்லை. அதை நீங்கள் எட்டு வாரத்தில் முடித்திருந்தால் நான் பேட்டி கேட்டு உங்கள் வீட்டு வாசலில் நின்றிருப்பேன்.

நானும் இதே கணக்கில் ஒரு கோடையைத் தொலைத்தவன்தான். மூன்றாவது வாரம், நடுவில் ஒரு தண்டும் இரண்டு பக்கமும் குட்டிக் கால்களுமாக இருக்கும் 'கம்பளிப்பூச்சி' மரங்கள் அத்தனைக்கும் வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் சார் நோட்டைப் புரட்டிவிட்டு, "நல்லா இருக்கு, 1967லயே ரோசான்னு ஒரு கணித அறிஞர் பண்ணிட்டார்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார், அது வேறு விஷயம்.

ஆனால் எனக்கு மனசில் நின்றது வேறொன்று. மரத்தை விட்டுவிட்டு வட்டங்களுக்கு எண் போட்டுப் பார்த்தேன். வட்டத்தில் புள்ளி எத்தனையோ கோடும் அத்தனை, அதனால் 0 முதல் கோடுகளின் எண்ணிக்கை வரை போடலாம், ஒரு எண் மிஞ்சும். முக்கோணத்துக்கு 0, 1, 3 சரி. நாற்கோணத்துக்கு 0, 4, 1, 2 சரி. ஐங்கோணம் மட்டும் இரண்டு நாளாகப் படியவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது, சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஏறியதும் இறங்கியதும் சமமாக இருக்கும், ஆகவே வித்தியாசங்களைக் கூட்டினால் இரட்டைப்படைதான் வரும், 1+2+3+4+5 என்பதோ 15! இதுவும் பழைய சங்கதிதான். இருந்தாலும் 'முடியவில்லை' என்று வெள்ளிக்கிழமை சொன்னவன் திங்கட்கிழமை 'முடியாது' என்று சொன்னேன்.

உங்கள் நோட்டிலும் இப்படி ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். எந்த மரத்தில் மாட்டிக்கொண்டீர்கள், எந்த வழி எந்த இடத்தில் உடைந்தது, அதை எழுதுங்கள். 'மறக்க முடியாத அனுபவம்', 'அறிவுக்கண் திறந்தது' எல்லாம் வேண்டாம், யாரும் படிப்பதில்லை.

அமெரிக்காவில் டுலூத் நகரத்தில் கணிதப் பேராசிரியர் ஜோசப் காலியன் 1977லேயே இளங்கலை மாணவர்களுக்குக் கோடை ஆராய்ச்சி ஆரம்பித்தார், அங்கே போகிறவர்கள் ஆய்விதழில் கட்டுரையே போடுகிறார்கள். அவர்களோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ளாதீர்கள், தேர்ந்தெடுத்த ஆட்கள், தேர்ந்தெடுத்த கணக்குகள். அதே காலியன், புள்ளிகளுக்கு எண் போடும் கணக்குகளில் இதுவரை யார் என்ன செய்தார்கள் என்று பெரிய தொகுப்பே வைத்திருக்கிறார், இணையத்தில் இலவசம். நீங்கள் கண்டது அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் அதையும் கூச்சப்படாமல் அறிக்கையில் சொல்லுங்கள்.

இன்னொன்று, பரிந்துரைக் கடிதத்தை இந்த மாதமே கேட்டுவிடுங்கள். அடுத்த கோடைக்கு வேறு பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.