இத்தாலி உருவாக்கிய மிகச் சிறந்த குறுந்தூர ஓட்டக்காரர் யார்? மார்செல் ஜேக்கப்ஸா?

ஜேக்கப்ஸ் டோக்கியோவில் 100 மீட்டரை 9.80 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கியவர். குறை சொல்ல ஒன்றுமில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டே 200 மீட்டரை வென்ற லிவியோ பெர்ருத்தியும் இருக்கிறார். ஆனாலும் என் ஓட்டு பியட்ரோ மென்னேயாவுக்குத்தான்.

1952இல், தெற்கு இத்தாலியின் பார்லெட்டா என்ற கடலோர ஊரில் பிறந்தவர். அப்பா தையல்காரர். பதினைந்து வயதில் ஊர்க்காரர்களின் ஆல்ஃபா ரோமியோ, போர்ஷே கார்களோடு 50 மீட்டர் பந்தயம் கட்டி ஓடி, கைச்செலவுக்கு 500 லிரா சம்பாதித்தார் என்று ஒரு கதை உண்டு. ஐம்பது மீட்டர்தானே, கார் வேகமெடுப்பதற்குள் முடிந்துவிடும். பையன் விவரமானவன்தான்!

ஆள் பார்க்க ஒல்லி. ஸ்டார்ட்டும் சுமார்தான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு பயிற்சியாளர் கார்லோ வித்தோரியிடம் அவர் செய்த பயிற்சியின் கடுமையை இன்றும் பேசுகிறார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் வெண்கலம். 1976 மான்ட்ரியலில் நான்காம் இடம்.

1979 செப்டம்பர் 12, மெக்சிகோ நகரம், பல்கலைக்கழக மாணவர்களுக்கான உலகப் போட்டி. மென்னேயா 200 மீட்டரை 19.72 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். உடனே ஒரு கூட்டம், "அது 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், காற்று லேசு, முதுகுக்குப் பின்னால் விநாடிக்கு 1.8 மீட்டர் வேகத்தில் தள்ளிவிடும் காற்று வேறு" என்று கிளம்பியது. உண்மைதான். ஆனால் அவர் உடைத்த டாமி ஸ்மித்தின் 19.83 மட்டும் எங்கே ஓடியது? 1968இல் அதே மெக்சிகோ நகரத்தில்தான். அதை யாரும் பேசுவதில்லை. 1996இல் மைக்கேல் ஜான்சன் 19.66 ஓடும்வரை, ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள், அந்தச் சாதனை நின்றது. ஐரோப்பிய அளவில் அதன் பிறகும் பல காலம் யாராலும் தொட முடியவில்லை.

அடுத்தது 1980 மாஸ்கோ. 100 மீட்டரில் இறுதிக்கே வரவில்லை. 200 மீட்டர் இறுதியில் கிடைத்ததோ எட்டாவது லேன். வெளிக்கோடி லேன் என்பதால் புறப்படும்போது மற்ற ஏழு பேரும் பின்னால்தான் நிற்பார்கள், யார் எங்கே வருகிறார்கள் என்று கண்ணில் படாது. பக்கத்து லேனில், சில நாள் முன்புதான் 100 மீட்டரில் தங்கம் வாங்கியிருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆலன் வெல்ஸ். அவர் வளைவிலேயே மென்னேயாவைப் பிடித்துத் தாண்டிவிட்டார். நேர்ப்பாதைக்குள் நுழையும்போது இடைவெளி இரண்டு மீட்டராவது இருக்கும். கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மென்னேயாவோ அங்கிருந்துதான் ஓடவே ஆரம்பித்தவர் போல ஒவ்வொரு அடியாக மீட்டுக்கொண்டு வந்து, கோட்டில் முந்திவிட்டார். 20.19க்கு 20.21. கையை உயர்த்தி, ஒற்றை விரலைக் காட்டியபடியே ஓடிக்கொண்டிருந்தார்.

அமெரிக்கர்கள் வராத ஒலிம்பிக் என்று இந்தத் தங்கத்தையும் மட்டம் தட்டுவார்கள். வெல்ஸ் இருந்தார், நடப்புச் சாம்பியன் டான் குவாரி மூன்றாவதாக வந்தார். அப்புறம் என்ன வேண்டும்? போதாதென்று அடுத்த மாதமே சொந்த ஊர் பார்லெட்டாவில், கடல் மட்டத்தில், 19.96 ஓடிக் காட்டினார். உயரம், காற்று லேசு என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

பிறகு ஓய்வு அறிவித்து, திரும்பி வந்து, 1983 ஹெல்சிங்கியில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கினார். 1984இல் தொடர்ந்து நான்காவது ஒலிம்பிக் 200 மீட்டர் இறுதி. அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. இதற்கிடையே படிப்பையும் விடவில்லை. சட்டம், அரசியல் அறிவியல் உட்பட நான்கு பட்டங்கள். வழக்கறிஞராக இருந்தார், 1999 முதல் 2004 வரை ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். 2013 மார்ச்சில், அறுபது வயதில், புற்றுநோயால் ரோமில் காலமானார்.

மாஸ்கோ இறுதி யூடியூபில் கிடைக்கும். முதல் தடவை வெல்ஸை மட்டும் பாருங்கள், அடுத்த தடவை மென்னேயாவை. அப்புறம் ஜேக்கப்ஸைப் பற்றிப் பின்னூட்டத்தில் சண்டை போடலாம்.