சீரம் வாங்கும் முன்: சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கேள்விகள்

முகச் சுருக்கம், கருமை, அதற்குப் போடும் சீரம் (சத்து நிறைந்த திரவப் பூச்சு) பற்றி மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் நகரிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு மருந்தாளர் அக்காவின் பதில்கள்.

எல்பில் தோட்டப் பக்கமிருந்து, வயது 43: அக்கா, கன்னத்துல திட்டுத் திட்டா கருமை, கண்ணோரத்துல லேசா சுருக்கம். கையில 60 வெள்ளி (ரிங்கிட்)தான் இருக்கு. எந்தச் சீரம் வாங்கட்டும்?

சீரம் அப்புறம். முதலில் சன்ஸ்கிரீன் வாங்குங்க. நம்ம நிறத்துக்குச் சுருக்கம் தாமதமாத்தான் வரும். வயசை முதலில் காட்டுறது கருமைதான். அதை வளர்க்கிறது வெயில். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், நாம்பூர் என்ற ஊரில், 55 வயதுக்குட்பட்டவர்களை நாலரை வருஷம் கவனிச்சாங்க. தினமும் சன்ஸ்கிரீன் போட்டவங்களுக்கு, இஷ்டப்பட்டபோது போட்டவங்களைவிடத் தோல் முதுமை 24 விழுக்காடு குறைவு. 2013-இல் வெளிவந்த முடிவு இது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு வருஷம் முழுக்க நடுப்பகல் வெயில் கடுமைதான்.

டப்பாவில் எஸ்பிஎஃப் 50, பிஏ++++ (வெயிலை எவ்வளவு தடுக்கும்னு காட்டுற குறிகள்) பார்த்து வாங்குங்க. கன்னத்துக் கருமைக்கு வெள்ளை சன்ஸ்கிரீனைவிட நிறம் கலந்தது மேல். அதிலுள்ள இரும்பு ஆக்ஸைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். அந்த ஒளியும் கருமையைக் கூட்டக்கூடியது. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். அதில் பாதியைப் போட்டுட்டு, டப்பாவில் எழுதியிருக்கிற பாதுகாப்பு கிடைக்கும்னு நினைக்காதீங்க. மிச்சக் காசிருந்தால் 5 விழுக்காடு நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) சீரம். கருமையையும் எண்ணெய்ப் பசையையும் சேர்த்துக் கவனிக்கும், எரிச்சலும் குறைவு.

செம்பனை வேலை செய்பவர்: காலையில பெரட்டுக்கு (தோட்டத்துல பேர் கூப்பிடுற இடத்துக்கு) போனா மதியம் வரைக்கும் வேர்வை ஊத்துது. சீரம் நிக்குமா?

நிக்காது. ராத்திரிக்கு வச்சுக்குங்க. காலையில் தண்ணீர் தாங்கும் சன்ஸ்கிரீன் மட்டும், கிளம்புறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி. வேர்வையைத் துண்டால் தேய்க்காமல் ஒத்தி எடுங்க. தேய்ச்சால் மருந்தும் போயிடும், உரசலில் கருமையும் ஏறும். அகல விளிம்புத் தொப்பி எந்தக் குப்பியைவிடவும் மலிவு.

மருந்தடிக்கிற வேலையா? அப்படியானால் ரெட்டினால் (சுருக்கத்துக்குப் போடுற வைட்டமின் ஏ வகை) போட்டு முகம் உரிஞ்சிருக்கிற நாளில் ரொம்பக் கவனம். உரிஞ்ச தோல் வழியா ரசாயனம் எளிதா இறங்கும். உரியுறது நிக்கிற வரை ரெட்டினாலை நிறுத்தி வையுங்க.

தாமான் (குடியிருப்புப் பகுதி) பக்கமிருந்து, வயது 38: ரெட்டினால் எப்படி ஆரம்பிக்கிறது? கூட்டாளி ஒருத்தி போட்டு முகமெல்லாம் வெந்துபோச்சு.

பெரும்பாலும் அளவும் அவசரமும்தான் காரணம். 0.1 முதல் 0.3 விழுக்காடு போதும். ஐரோப்பிய ஒன்றியம் முகப் பூச்சுகளுக்கு 0.3-ஐ உச்சவரம்பா வச்சிருக்கு, அதனால 1 விழுக்காடுன்னு போட்ட குப்பியைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

முதலில் காதுக்குப் பின்னால் மூணு ராத்திரி தடவிப் பாருங்க. அரிப்பு, தடிப்பு இல்லைன்னா முகத்துக்குப் போகலாம். ராத்திரி முகம் கழுவி, துடைச்சு, பத்து நிமிஷம் காயவிடுங்க. ஈரத் தோலில் மருந்து வேகமா இறங்கும், எரியும். மூக்கு ஓரம், வாய் ஓரம் ரெண்டிலும் கொஞ்சம் வாஸ்லின். பிறகு ஒரு பட்டாணி அளவு. முழு முகத்துக்கும் அதுதான். நெற்றி, ரெண்டு கன்னம், மோவாய்னு புள்ளி வச்சுப் பரப்புங்க. கண் இமைக்குப் போகாதீங்க. மேலே மாய்ஸ்சரைசர். தோல் மென்மைன்னா மாய்ஸ்சரைசர், ரெட்டினால், மறுபடி மாய்ஸ்சரைசர்.

முதல் ரெண்டு வாரம் வாரத்துக்கு ரெண்டு ராத்திரி. அடுத்த ரெண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அதுக்கு மேல் முகம் தாங்கினால் மட்டும் தினமும். லேசா உரிஞ்சால் நாலு ராத்திரி விட்டுட்டு, பழைய அளவிலிருந்து தொடங்குங்க. "எரிஞ்சாத்தான் வேலை செய்யுது"ன்னு சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க. நம்ம தோலில் எரிச்சல் ஆறினாலும் அந்த இடத்தில் கருந்தழும்பு மாசக்கணக்கில் நிக்கும். சுருக்கத்துக்குன்னு போட்டுக் கருமையை வாங்கிக்கிற கதை அதுதான்.

வழக்கமா பரு வர்ற இடத்தில் முதல் ஆறு வாரம் கொஞ்சம் கூடுதலா வரலாம், அடங்கிடும். புது இடத்தில் அரிப்போட பொரிப்பொரியா வந்தால் அது ஒவ்வாமை, நிறுத்திடுங்க. பலன் தெரிய 12 வாரமாவது ஆகும். ரெட்டினால் தோலுக்குள்ள போய் ரெண்டு படியா மாறி ரெட்டினாயிக் அமிலம் ஆனால்தான் வேலையே செய்யும். மாசம் ஒரு தடவை அதே ஜன்னலோரம், அதே நேரத்தில் போட்டோ எடுத்து ஒப்பிடுங்க, கண்ணாடி ஏமாத்தும்.

ரெட்டினால் போடுற ராத்திரியில் கிளைக்காலிக் அமிலம் மாதிரி தோல் உரிக்கிற எதுவும் கூடாது.

வைட்டமின் சி சீரம் வாங்கினேன், ரெண்டு மாசத்துல தேன் நிறமாயிருச்சு. போடலாமா?

லேசான வைக்கோல் மஞ்சள்னா போடலாம். தேன் நிறம், பழுப்புன்னா தூக்கிப் போடுங்க. ஆக்ஸிஜன் பட்டு வீணாயிடுச்சு. தகரக் கூரை வீட்டிலும் வெயிலில் நிக்கிற காரிலும் அது சீக்கிரமே கெடும். அடுத்த தடவை 15 விழுக்காடு எல்-அஸ்கார்பிக் அமிலத்தோட (வைட்டமின் சி-யின் சுத்த வடிவம்) வைட்டமின் ஈ, ஃபெருலிக் அமிலம் ரெண்டும் சேர்ந்தது பாருங்க, அவை அதை நிலைக்க வைக்கும். இருண்ட நிறக் குப்பி, சின்ன அளவு, ஐஸ்பெட்டியில். 20 விழுக்காட்டுக்கு மேல் போனால் தோல் கூடுதலா உறிஞ்சாது, எரிச்சல்தான் மிச்சம்.

ரெட்டினாலுக்குப் பதிலா பகுச்சியோல்னு ஒண்ணு வருதே, அது நம்ம கார்போக அரிசிதானாம். வீட்டுலயே அரைச்சுப் பூசலாமா?

பூசாதீங்க! செடி அதேதான். ஆனால் அந்த விதையில் சோரலின்னு, வெயில் பட்டால் தோலைச் சுடுற பொருள் இருக்கு. பூசிட்டு வெயிலில் போனால் கொப்புளம் கிளம்பி, கரிக்கட்டையா கறுத்துப்போகும். சீரத்தில் வர்றது சுத்திகரிச்சுப் பிரிச்ச பகுச்சியோல். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 0.5 விழுக்காடு பகுச்சியோலைத் தினம் ரெண்டு வேளை 12 வாரம் போட்டவங்களுக்கு, 0.5 விழுக்காடு ரெட்டினாலுக்கு ஈடான பலன். உரியுறதும் எரியுறதும் குறைவு. 44 பேரை வச்சு நடந்த சின்ன ஆய்வுதான், இருந்தாலும் ரெட்டினால் தாங்காதவங்க முயற்சி பண்ணலாம். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனாலும் இதே கொப்புளம்தான்.

பசார் மாலாம்ல (இரவுச் சந்தையில) ஒரு கிரீம், ஏழே நாள்ல முகம் பளிச்சுனு ஆகுது. அதுல என்ன தப்பு?

அந்த ஏழு நாள்தான் தப்பு. என்பிஆர்ஏ, அதாவது தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் எல்லாம் கண்டுபிடிச்சுத் தடை பண்ணிக்கிட்டே இருக்கு. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு, தோலை மெலிய வைக்கும், நிறுத்தினால் முகம் சிவந்து பருவாகக் கிளம்பும், மறுபடி அதையே பூசத் தோணும். டப்பாவில் என்ஓடி-ன்னு தொடங்கி கே-ன்னு முடியிற எண் இருக்கான்னு பாருங்க, இருந்தால் என்பிஆர்ஏ இணையதளத்தில் தட்டிச் சரிபாருங்க. எண் இருந்தாலே அரசாங்கம் சோதிச்சுப் பார்த்துட்டதுன்னு அர்த்தமில்லை, கம்பெனி அறிவிச்சிருக்குன்னுதான் அர்த்தம். பின்னாடி ரத்தானதும் உண்டு.

கழுத்துல, பிடரியில தடிப்பா, வெல்வெட்டு மாதிரி கறுப்பு. எந்தச் சீரம் போட்டாலும் போகல.

போகாது. அழுக்கும் இல்லை, முதுமையும் இல்லை. பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியா வேலை செய்யாததன் அடையாளம். சீரக் காசை வீணாக்காமல் அரசாங்க கிளினிக்கில் சர்க்கரை பாருங்க. எடையும் சர்க்கரையும் இறங்கினால் கறுப்பும் மெல்ல வெளுக்கும்.

மூணு மாச கர்ப்பம். சீரம் போடலாமா?

ரெட்டினால் வகை எதுவும் வேண்டாம். நியாசினமைடு, வைட்டமின் சி, ஹையலூரானிக் அமிலம் போடலாம்.

அடுத்த வாரம் கல்யாணம், புருவம் எடுக்கணும். ரெட்டினாலை நிறுத்தணுமா?

நூல்னா மூணு நாள், மெழுகுன்னா ஒரு வாரம் முன்னாடியே நிறுத்துங்க. இல்லைன்னா மெழுகோட தோலும் சேர்ந்து வந்துடும். கல்யாண வாரத்தில் புதுசா எந்தக் குப்பியும் திறக்காதீங்க.

30 மில்லி குப்பி எத்தனை நாள் வரும்?

ஒரு மில்லி சுமார் 20 சொட்டு. ஒரு வேளைக்கு 5 சொட்டுன்னா 120 வேளை, ராத்திரி மட்டும் போட்டால் நாலு மாசம். வைட்டமின் சி அதுக்குள்ள பழுத்துடும். அதை மட்டும் 15 மில்லியா வாங்குங்க.