பொய்ப்பழி வந்தால் வாய் திறக்கலாமா? – கேள்வி பதில்

கேள்வி: காணிக்கைப் பணத்தில் நான் கைவைத்துவிட்டதாகச் சபையில் பேச்சு. நான் தொடவே இல்லை ஐயா. “இயேசுவே பேசாமல்தான் இருந்தார், நீயும் ஜெபம் பண்ணிவிட்டு அமைதியாய் இரு” என்கிறார் மூப்பர். பதில் பேசினால் பாவமா?

பதில்: பாவமே இல்லை தம்பி. மூப்பர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். விசாரித்த ஏரோது ராஜாவுக்கு இயேசு மறுமொழி சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் அதற்குச் சில மணி நேரம் முன்பு, முன்னாள் பிரதான ஆசாரியர் அன்னாவின் முன்னிலையில் ஒரு சேவகன் அறைந்தபோது, நான் தவறாகப் பேசியிருந்தால் அதை நிரூபி, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று நேருக்கு நேர் கேட்டார் (யோவான் 18:23). பவுலையும் பாருங்கள். பிலிப்பியில் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள், மறுநாள் சத்தமில்லாமல் அனுப்பிவிடப் பார்த்தார்கள். அவர் நகரவில்லை; அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார் (அப்போஸ்தலர் 16:37). பிறகு செசரியாவில் விசாரித்தபோது இராயனுக்கே அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார்.

எந்தத் தேதி, எவ்வளவு தொகை, யார் பார்த்தது என்று எழுத்தில் கேளுங்கள். ரசீதுப் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் சபைக்குச் சம்பந்தமில்லாத ஆடிட்டர் ஒருவர் பார்க்கட்டும். மௌனம் நீங்களாகத் தேர்ந்துகொண்டால் சரி. அடுத்தவர் வாயை அடைக்கச் சிலுவையை இழுப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

கேள்வி: இரண்டு மூன்று சாட்சிகள் இருந்தால் போதும் என்றுதானே மோசேயின் சட்டநூலான உபாகமம் சொல்கிறது?

பதில்: திராட்சத்தோட்டத்துக்காகப் பொய்ப்பழி சுமத்தப்பட்ட நாபோத்துக்கு விரோதமாகவும் இரண்டு பேர் சாட்சி சொல்ல வந்தார்களே! சாட்சிகளின் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது, மனிதனைக் கல்லெறிந்து கொன்றுவிட்டார்கள் (1 இராஜாக்கள் 21). உபாகமம் 19:15-ஐச் சொல்பவர்கள் அதே அதிகாரத்தின் 18-ஆம் வசனத்தையும் படிக்க வேண்டும். நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்க வேண்டும் என்று அங்கே இருக்கிறது. பொய்ச்சாட்சி என்று தெரிந்தால், அடுத்தவனுக்கு அவன் செய்ய நினைத்ததே அவனுக்குத் தண்டனை. கத்தோலிக்க வேதாகமத்தின் தானியேல் 13-ஆம் அதிகாரத்தில், சூசன்னா என்ற பெண்மேல் பழி சொன்ன இரண்டு முதியவர்களையும் தானியேல் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்கிறார். ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொண்டார்கள். நம் கமிட்டிகளோ எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து விசாரிக்கும்!

கேள்வி: எங்கள் போதகர்மேல் ஒரு பெண் புகார் சொல்லியிருக்கிறாள். அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடக்கூடாதே. அவர் பக்கம் நிற்பதுதானே நியாயம்?

பதில்: இல்லை சகோதரி. நீங்கள் சொல்லும் வசனம் (சங்கீதம் 105:15) ஆபிரகாம் முதலான முற்பிதாக்களை ராஜாக்கள் கையிலிருந்து தேவன் காத்ததைப் பாடுகிறது. போதகரை விசாரிக்கக்கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது? மூப்பன்மேல் வரும் புகாருக்குச் சாட்சி வேண்டும் என்று எழுதிய அதே பவுல், அடுத்த வசனத்திலேயே பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறார். அதற்கடுத்து, பட்சபாதம் கூடாது என்கிறார் (1 தீமோத்தேயு 5:19-21). கேட்டு முடிக்கும் முன்பே “அவள் பொய் சொல்கிறாள்” என்பது அந்தப் பெண்மேல் நீங்கள் சுமத்தும் பழி. விசாரணை முடியும்வரை போதகர் பிரசங்க மேடையிலிருந்து ஒதுங்கியிருக்கட்டும், அது தீர்ப்பாகிவிடாது. சட்டப்படி குற்றமென்றால் போலீசுக்குப் போக வேண்டும். சபைக்குள்ளே பேசி முடிக்கும் காரியம் அல்ல அது.

கேள்வி: உண்மை வெளிவந்தால் பேர் தானாகத் திரும்பிவிடும், இல்லையா?

பதில்: எப்போதும் இல்லை. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த அத்தனாசியுஸ், அர்சேனியுஸ் என்ற ஆயரைக் கொன்று கையை வெட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்டார். கி.பி. 335-இல் தீரு நகரில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் அந்த அர்சேனியுஸ் உயிரோடு, இரண்டு கைகளோடும் வந்து நின்றதாக வரலாறு. அப்படியும் அத்தனாசியுஸின் பதவியைப் பறித்தார்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அவரைத் திரியர் நகருக்கு நாடுகடத்தினார்.

கேள்வி: பழி சொன்னவரை மன்னித்துவிட்டால் வழக்கு போடக்கூடாதா?

பதில்: பழிவாங்கும் எண்ணத்தை விடுவது மன்னிப்பு. சொன்ன பொய்யைத் திருத்தச் சொல்வது பழிவாங்கல் ஆகாது. முதலில் சபைக்குள் விவேகி ஒருவர் முன் தீர்க்கப் பாருங்கள் (1 கொரிந்தியர் 6:5). வேலையோ விடுதலையோ ஆபத்தில் இருந்தால் வக்கீலைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: ஒரு சகோதரரைப் பற்றி வந்த தகவலை வாட்ஸ்அப் குழுவில் நானும் பகிர்ந்தேன். பொய் என்று இப்போது தெரிகிறது. தனியாகப் பார்த்து ‘சாரி’ சொன்னால் போதுமா?

பதில்: போதாது. அதே குழுவில், அதே ஆட்கள் படிக்கும்படி எழுதுங்கள்: “நான் போட்டது பொய், விசாரிக்காமல் போட்டேன்.” ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று இழுக்காதீர்கள். பழைய பதிவை அழித்துவிட்டு நழுவவும் வேண்டாம். வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருந்தால், அங்கேயும் இதையே போடுங்கள்.